சேற்றில் இறங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: எலிக் காய்ச்சல்!

டாக்டரிடம் காய்ச்சலை மட்டும் சொன்னால் போதாது. செய்த வேலையையும் சொல்ல வேண்டும்!

உலகத்தில் எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. சில தொழில்களை உட்கார்ந்தபடி செய்யலாம். சிலவற்றை நிழலில் நின்று செய்யலாம். ஆனால், தண்ணீரில் கால் வைக்காமல் செய்ய முடியாத தொழில்களும் உண்டு.

நாற்று நடும் பெண்கள் காலை முதல் மாலை வரை சேற்றில் நிற்கிறார்கள். வாய்க்கால் தூர் வாருகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள். ஏரியிலும் குளத்திலும் மீன் பிடிப்பவர்கள், சாக்கடை அடைப்பை நீக்குகிறவர்கள், கறிக்கடைத் தரையைக் கழுவுகிறவர்கள், மாட்டுத் தொழுவத்தைச் சுத்தம் செய்கிறவர்கள், வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போகிறவர்கள் ஆகிய எல்லோருக்கும் ஈரம்தான் வேலை செய்யும் இடம்.

அந்த ஈரத்தில் ஒரு வியாதி ஒளிந்திருக்கிறது. அதன் பெயர், எலிக் காய்ச்சல். டாக்டர்கள் இதை "லெப்டோஸ்பைரோசிஸ்" என்று சொல்வார்கள்.

உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேரை இந்த வியாதி பிடிக்கிறது. ஏறக்குறைய 59 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்று 2015-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது.

இத்தனைக்கும் இது மருந்தே இல்லாத வியாதி அல்ல. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

அப்படியானால், ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்?

இது எலிக் காய்ச்சல்தான் என்று தெரிவதற்குள் பல நாட்கள் ஓடிவிடுகின்றன. அதுதான் முக்கியமான காரணம்.

சுரங்கத்தில் கிடைத்த துப்பு

1886-ம் ஆண்டு. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் அடால்ஃப் வைல் என்ற டாக்டர் இருந்தார். திடீரென்று கடுமையான காய்ச்சல் வருகிறது, உடம்பு மஞ்சளாகிறது, சிறுநீரகம் கெடுகிறது. இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி அவர் விரிவாக எழுதினார். "வைல் வியாதி" என்ற பெயரும் வந்தது. ஆனால், காரணம் என்ன என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

காரணம் தெரிய ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. அது தெரிந்த இடம் ஜப்பான்.

ஜப்பானின் தெற்கே கியூஷூ என்ற தீவு இருக்கிறது. அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. பூமிக்கு அடியில் இருட்டு; காலுக்குக் கீழே தண்ணீர்; எங்கு பார்த்தாலும் எலி. அங்கே வேலை செய்த தொழிலாளர்களுக்குக் காய்ச்சலும் காமாலையும் வந்தன. பலர் இறந்தார்கள்.

இனடா, இடோ என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஆராய்ந்தார்கள். நோயாளியின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, கினிப்பன்றி என்ற சிறு பிராணியின் உடம்பில் செலுத்தினார்கள். அதற்கும் காமாலை வந்தது. இறந்த பிராணியின் ஈரலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உள்ளே மெல்லிய கிருமிகள் தெரிந்தன. அவை சுருள் கம்பியைப் போல இருந்தன. இது நடந்தது 1914-ல்.

இந்தக் கிருமியின் முனை கொக்கி போல் வளைந்திருக்கும். பார்ப்பதற்குக் கேள்விக்குறி போல் தோன்றும். 1907-லேயே ஸ்டிம்சன் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு நோயாளியின் சிறுநீரகத்தில் இதைப் பார்த்திருக்கிறார். கேள்வி கேட்பது என்ற பொருளில் அவர் அதற்குப் பெயரும் வைத்தார். ஆனால், அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்கள் ஜப்பானிய டாக்டர்கள்தான்.

கிருமி எங்கிருந்து வருகிறது என்பதையும் ஜப்பானிய டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். எலியின் சிறுநீரகத்தில் அது குடியிருக்கிறது!

எலிக்கு வியாதி இல்லையா?

இதுதான் வேடிக்கை. கிருமி எலியின் உடம்பில் இருந்தாலும் எலி சுகமாகவே இருக்கும். ஓடும், தின்னும், குட்டி போடும். ஆனால், அது சிறுநீர் விடும்போதெல்லாம் கிருமி வெளியே வரும். பல மாதங்கள், சில சமயம் ஆயுள் முழுவதும் வரும்.

அந்தச் சிறுநீர் காய்ந்த தரையில் விழுந்தால், வெயில் பட்டுக் கிருமி செத்துவிடும். ஈரமான மண்ணிலோ, தேங்கிய தண்ணீரிலோ விழுந்தால் பல வாரங்கள் உயிரோடு இருக்கும்.

வயலை நினைத்துப் பாருங்கள். வரப்பெல்லாம் எலி வளை. வரப்பை ஒட்டித் தண்ணீர். கிருமிக்கு இதைவிட வசதியான இடம் வேறு என்ன இருக்கிறது?

எலி மட்டும் அல்ல. மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இந்தக் கிருமி இருக்கக்கூடும்.

சேற்றுப்புண்தான் வாசல்

கிருமி மனிதன் உடம்புக்குள் எப்படி நுழைகிறது?

எலி கடிக்க வேண்டும் என்பது இல்லை. எலியைப் பார்க்கக்கூட வேண்டியது இல்லை.

நாள் முழுவதும் தண்ணீரில் நின்றால் பாதத் தோல் ஊறிவிடும். விரல் இடுக்கில் வெடிக்கும். அதையே நாம் சேற்றுப்புண் என்கிறோம். அறுவடையில் அரிவாள் கீறும். வயலில் தாள் குத்தும். நத்தை ஓடு கிழிக்கும். இந்தச் சின்னச் சின்னக் காயங்களே கிருமிக்கு வாசல்.

அழுக்குத் தண்ணீர் கண்ணிலோ, மூக்கிலோ, வாயிலோ பட்டாலும் கிருமி உள்ளே போகும்.

சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசுவது நம் கிராமத்துப் பழக்கம். பூசட்டும், தவறு இல்லை. ஆனால், "மருதாணி பூசியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் வராது" என்று இருந்துவிடக் கூடாது. இந்தக் கிருமியைத் தடுக்க அதை நம்ப முடியாது.

நாடெங்கும் ஒரே கதை

இது ஜப்பான் சுரங்கத்தோடு நின்ற வியாதி அல்ல.

முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பதுங்கு குழிகளில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். குழியில் சேறும் எலியும் நிறைந்திருந்தன. 1915-ல் அந்தச் சிப்பாய்களின் உடம்பில் ஜெர்மன் டாக்டர்கள் இதே கிருமியைக் கண்டார்கள்.

1934-ல் லண்டன் நகரத்துச் சாக்கடைத் தொழிலாளர்களிடம் இது இருப்பதை ஃபேர்லி என்ற டாக்டர் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில், ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்தில், ஈரமான கொட்டகைகளில் மீன் நறுக்கிய தொழிலாளர்களிடமும் இது கண்டுபிடிக்கப்பட்டது.

ஜப்பானிய விவசாயிகள் அறுவடைக் காலத்தில் வரும் ஒரு காய்ச்சலை "இலையுதிர்காலக் காய்ச்சல்" என்று அழைத்தார்கள். சீனத்தில் "நெல் அறுவடைக் காமாலை" என்றார்கள். கிருமியைப் பற்றித் தெரியாத காலத்திலேயே, இந்தக் காய்ச்சலுக்கும் வயல் வேலைக்கும் சம்பந்தம் உண்டு என்பதை அந்த மக்கள் கவனித்துவிட்டார்கள்!

இலங்கையில் 2008-ம் ஆண்டில் 7 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு எலிக் காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2005-ல் மும்பையில் பெரு வெள்ளம் வந்தது. 2018-ல் கேரளத்தில் வந்தது. இரண்டு இடங்களிலும் வெள்ளம் வடிந்த பின் எலிக் காய்ச்சல் தலைகாட்டியது.

எப்படித் தெரிந்துகொள்வது?

கிருமி உள்ளே போன அன்றே காய்ச்சல் வராது. பெரும்பாலும் 5 நாள் முதல் 14 நாள் வரை ஆகும். சிலருக்கு 2 நாளில் வரும். சிலருக்கு 30 நாள்கூட ஆகலாம்.

வரும்போது இப்படி வரும்:

திடீரென்று குளிரும் காய்ச்சலும். மண்டையைப் பிளக்கும் தலைவலி. உடம்பு வலி. முக்கியமாக, கெண்டைக்கால் சதையில் தொட முடியாத வலி. கண் சிவந்துவிடும்; ஆனால், பீளை கட்டாது.

பெரும்பாலோருக்கு இதோடு சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் வியாதி முற்றும். அப்போது கண்ணும் உடம்பும் மஞ்சளாகும். சிறுநீர் குறையும். மூச்சு வாங்கும். இருமினால் இரத்தம் வரும். இப்படி ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அரை நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கண் மஞ்சளானதும், "காமாலைதானே, கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் இருந்தால் போகும்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். எலிக் காய்ச்சலில் வரும் காமாலை அப்படிப்பட்டது அல்ல. பச்சிலையை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போகும்.

டாக்டருக்கு ஏன் தெரிவதில்லை?

"டாக்டர் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம்.

காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. இந்த மூன்றும் எத்தனை வியாதிகளுக்கு இருக்கின்றன! டெங்குவுக்கும் உண்டு. மலேரியாவுக்கும் உண்டு. டைபாய்டுக்கும் உண்டு. சாதாரண மழைக்காலக் காய்ச்சலுக்கும் உண்டு.

இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால், அதிலும் ஒரு சிக்கல். வழக்கமாகச் செய்யும் பரிசோதனை கிருமியைத் தேடுவது இல்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுகிறது. அந்தப் பொருள் இரத்தத்தில் போதிய அளவு சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே, காய்ச்சல் வந்த மூன்றாம் நாளில் பரிசோதித்தால், "இல்லை" என்றே முடிவு வரலாம். இல்லை என்று வந்தாலும் வியாதி இருக்கலாம்!

மருந்து நன்றாக வேலை செய்வதும் அந்த முதல் நாட்களில்தான்.

அப்படியானால், அந்த முதல் நாட்களில் டாக்டருக்கு வழி காட்டுவது எது?

நோயாளியின் வாய்ச் சொல்தான்!

"ஐயா, பத்து நாளைக்கு முன்னால் நடவுக்குப் போனேன். காலில் சேற்றுப்புண் இருந்தது." இந்த ஒரு வார்த்தை போதும். டாக்டருக்கு உடனே சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமலே மருந்தைத் தொடங்குவார்.

ஆனால், நம்மில் பலர் சொல்வது இல்லை. "என்ன செய்கிறது?" என்றால், "காய்ச்சல் அடிக்கிறது" என்று மட்டும் சொல்கிறோம். கூலி வேலை என்று சொல்லக் கூச்சம். சாக்கடை வேலை என்று சொல்ல அதைவிடக் கூச்சம். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் விசாரிக்க நேரம் இருப்பது இல்லை.

இந்தக் கூச்சத்தால் உயிரே போகலாம். உழைப்பதில் வெட்கம் எதற்கு?

பிரிட்டனில் இதற்கு ஒரு நல்ல யோசனை செய்தார்கள். தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசாங்க அமைப்பு, ஒரு சிறிய அட்டையை அச்சிட்டது. சாக்கடையிலும் பண்ணையிலும் வேலை செய்பவர்கள் அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கலாம். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அட்டையைக் காட்டினால் போதும்.

நாமும் இதைச் செய்யலாம். அச்சடித்த அட்டை வேண்டாம். ஒரு துண்டுக் காகிதம் போதும். அதில் இப்படி எழுதுங்கள்:

"நான் வயலில் (அல்லது வாய்க்காலில், சாக்கடையில், தொழுவத்தில்) வேலை செய்கிறேன். கடந்த ஒரு மாதத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கினேன். காலில் காயம் இருந்தது. எலிக் காய்ச்சலாக இருக்குமா என்று பாருங்கள்."

இவ்வளவுதான். எழுதத் தெரியாத தாய் தகப்பனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் தாங்களே எழுதலாம். கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல பயன் உண்டா?

முன்கூட்டியே மாத்திரை

காய்ச்சல் வருவதற்கு முன்பே தடுக்க முடியாதா? ஓரளவு முடியும்.

"டாக்சிசைக்ளின்" என்று ஒரு மாத்திரை இருக்கிறது. 1982-ல் பனாமா நாட்டுக் காட்டில் அமெரிக்கச் சிப்பாய்கள் பயிற்சி பெற்றார்கள். 940 பேர் பரிசோதனைக்கு முன்வந்தார்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை இந்த மாத்திரை. மற்றவர்களுக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு எலிக் காய்ச்சல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் வந்தது!

நம் நாட்டில் அந்தமான் தீவுகளிலும் இப்படி ஒரு பரிசோதனை நடந்தது. 2000-ம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. அங்கே பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. கிருமி உள்ளே போவதை மாத்திரை தடுக்கவில்லை. ஆனால், காய்ச்சலாகப் படுத்தவர்களின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இலங்கையில் நெல் விவசாயிகளுக்குச் சுகாதார ஊழியர்கள் மூலம் இந்த மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கிறது. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது மீட்பு வேலை செய்தவர்களுக்கும் கொடுத்தார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஆகாது. யாருக்கு, எப்போது, எத்தனை வாரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தொழிலாளி செய்ய வேண்டியது

சாக்கடையிலும் தொழுவத்திலும் ரப்பர் பூட்சும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

நடவு வயலில் பூட்ஸ் சேற்றில் புதைந்துகொள்ளும். அங்கே அது சரிப்படாது. ஆகவே, வயலில் இறங்கும் முன் கால், கையைப் பாருங்கள். காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். பெரிய புண் ஆறும் வரை கரையில் செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள்.

வாய்க்கால் தண்ணீரில் வாய் கொப்பளிக்காதீர்கள். குடிப்பதற்குக் காய்ச்சிய தண்ணீரைக் கொண்டுபோங்கள். சோற்றுத் தூக்கை மூடி, எலி எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

முதலாளி செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் தொழிலாளி தலையிலேயே கட்டிவிடக் கூடாது. வேலை வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு.

கழுவ நல்ல தண்ணீர், ஒரு சோப்பு, பிளாஸ்திரி, மருந்துப் பெட்டி. இவற்றுக்கு ஆகும் செலவு எவ்வளவு? ஓர் ஆள் ஒரு வாரம் படுத்தால் ஆகும் நஷ்டத்தைவிட இது குறைவுதான்.

வயலில் எலியைக் குறைப்பதும் அவர் வேலை. காவிரிப் பாசன ஊர்களில் மூங்கிலால் செய்த "தஞ்சாவூர் கிட்டி" வைத்து எலி பிடிப்பது தெரிந்த விஷயம். ஆந்தை வந்து உட்காரக் குச்சி நட்டு வைப்பதும் நல்ல முறை. எலி குறைந்தால் நெல்லும் மிஞ்சும், காய்ச்சலும் குறையும்.

சாக்கடைக் குழி விஷயம் தனி. எலிக் காய்ச்சல் வருவதற்கு முன்பே, விஷவாயு சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்த வேலையை எந்திரம்தான் செய்ய வேண்டும்.

காய்ச்சல் போன பிறகு கண்

காய்ச்சல் குணமாகிவிட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. இன்னும் ஒரு விஷயம் உண்டு.

1993-ல் மதுரைப் பக்கம் பெரு மழை பெய்து வெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் பலர் வந்தார்கள். கண் சிவந்திருந்தது, பார்வை மங்கியிருந்தது. ஆராய்ந்து பார்த்ததில், 73 பேரின் கண் நோய்க்கு எலிக் காய்ச்சல் கிருமியே காரணம் என்று தெரிந்தது.

ஆகவே, எலிக் காய்ச்சல் வந்து குணமானவர்கள் சில மாதங்கள் கண்ணைக் கவனிக்க வேண்டும். கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். அங்கேயும் பழைய காய்ச்சலைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும்.

தண்ணீரில் இறங்காமல் நெல் விளையாது. வாய்க்காலில் இறங்காமல் தூர் போகாது. ஆகவே, "தண்ணீரில் இறங்காதே" என்று யாரும் சொல்ல முடியாது. காயத்தை மூடிக்கொண்டு இறங்குங்கள். கரை ஏறியதும் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால், இன்றைக்கே டாக்டரிடம் போய், எந்தத் தண்ணீரில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.